ஹெபடைடிஸ் உள்ளவருக்கு ஒரு கட்டிங்கும் அதிகம்தான்

வளைகுடா வேலைக்கு விசா தயாராகி, கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குப் பணமும் கட்டிவிட்டு, கடைசியாக மெடிக்கல் எடுக்கப் போகிற இளைஞர்களில் சிலருக்கு அங்கேதான் அந்தச் செய்தி முதன்முதலாகத் தெரியவருகிறது. ரிப்போர்ட்டில் ‘எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ்’ என்று இருக்கும். ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் வைரஸ் உடம்பில் இருக்கிறது என்று பொருள். பக்கத்திலேயே ‘அன்ஃபிட்’. “உனக்கு மஞ்சக் காமாலைக் கிருமி இருக்கு தம்பி, அந்த நாட்டுல எடுக்க மாட்டாங்க” என்று ஏஜென்ட் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அது என்ன கிருமி, எங்கிருந்து வந்தது, இனி என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்ல அங்கே ஆளில்லை. மனசொடிந்து நிற்பவரைத் தேற்ற அன்று மாலை நண்பர்கள் அழைத்துப்போகிற இடம், பல நேரங்களில், டாஸ்மாக் பார்.

கிருமியும் குடியும் இப்படிச் சந்திப்பதைப் பற்றித்தான் தமிழ்நாட்டில் போதுமான பேச்சில்லை. குடியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். மஞ்சள் காமாலையைப் பற்றியும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறோம். இரண்டும் ஒரே உடம்பில், ஒரே உறுப்பில் சேரும்போது என்ன நடக்கிறது என்பதை மட்டும் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ல் உலகில் 25.4 கோடிப் பேருக்கு நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றும், 5 கோடிப் பேருக்கு ஹெபடைடிஸ் சி தொற்றும் இருந்தன. இந்தியாவின் பங்கு சிறியதல்ல. பி வகை 2.98 கோடிப் பேருக்கு, சி வகை 55 லட்சம் பேருக்கு. அந்த ஓராண்டில் உலகம் முழுவதும் 13 லட்சம் பேர் கல்லீரல் வைரஸ்களால் இறந்திருக்கிறார்கள். இதில் மனதை உறுத்தும் எண் வேறு ஒன்று. உலக அளவில் பி வகைத் தொற்றோடு வாழ்பவர்களில் 13 சதவீதம் பேருக்குத்தான் தங்களுக்கு அது இருப்பதே தெரியும். மற்றவர்கள் தெரியாமலே வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், குடிக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு கோணமும் உண்டு. குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி ஊசி நாடு முழுக்கச் சேர்ந்தது 2011-ல். தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களுக்கு 2007-08-லேயே வந்துவிட்டது. இங்கே மது வாங்கச் சட்டப்படி 21 வயது ஆகியிருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இன்று டாஸ்மாக் வரிசையில் சட்டப்படி நிற்கத் தகுதியுள்ளவர்களில் பெரும்பாலோர், அந்த ஊசி அரசு மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்கு முன் பிறந்தவர்கள். பிறக்கும்போதே தாயிடமிருந்து இந்த வைரஸைப் பெறும் குழந்தைகளில் சுமார் 90 சதவீதத்தினருக்கு அது உடம்பிலேயே தங்கிவிடுகிறது. பெரியவர்களானபின் தொற்றினால் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே தங்குகிறது. ஆகவே முப்பது, நாற்பது வயதில் கண்டுபிடிக்கப்படும் தொற்றில் பெரும்பங்கு பிறக்கும்போதோ சிறுவயதிலோ உள்ளே வந்து தங்கியது. அதை நடத்தைக் குறைவாகப் பார்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இது.

தொற்று இருப்பது தெரிந்துவிட்ட பிறகு எழும் கேள்வி எல்லோருக்கும் பொதுவானது: “அப்போ, குடிக்கவே கூடாதா?” மருத்துவரிடம் இதைக் கேட்பவர்கள் குறைவு. நண்பரிடமும் மெடிக்கல் ஷாப்பிலும் கேட்கிறார்கள். பதில்களும் தயாராக இருக்கின்றன. பிராந்திதான் ஆகாது, பீர் உடம்புச் சூட்டைத் தணிக்கும். ஒயின் நல்லதுதான். தினமும் கூடாது, சனிக்கிழமை மட்டும் பரவாயில்லை. தண்ணீர் நிறையக் கலந்தால் ஒன்றும் செய்யாது. கூடவே கறியும் முட்டையும் நன்றாகச் சாப்பிட்டால் ஈரல் தாங்கும்.

இவற்றில் ஒன்றுகூட உண்மை இல்லை.

கல்லீரல் வைரஸ் தானாகவே செல்களை வெட்டிச் சாய்ப்பதில்லை. வைரஸ் புகுந்த செல்லை அழிக்க உடம்பின் எதிர்ப்புப் படை வருகிறது. அந்தச் சண்டையில் கல்லீரல் செல்கள் மடிகின்றன. மடிந்த இடத்தில் நார்த்திசு படிகிறது. வருடக்கணக்கில் இது தொடர்ந்தால் மிருதுவான உறுப்பு முண்டும் முடிச்சுமாக இறுகிவிடுகிறது. இதைத்தான் மருத்துவர்கள் சிரோசிஸ் என்கிறார்கள். ஊரில் ‘ஈரல் சுருங்கிப்போச்சு’ என்பார்கள். அதன் பிறகு வயிற்றில் நீர் கோக்கும், கால் வீங்கும், ரத்த வாந்தி வரும், ஆள் நினைவு தடுமாறுவார்.

மது இதே பாதையில்தான் வேலை செய்கிறது. குடித்த ஆல்கஹாலைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றுகிறது. அது செல்லின் புரதங்களையும் மரபணுப் பொருளையும் தாக்கும் நஞ்சு. நார்த்திசுவை உற்பத்தி செய்யும் செல்களையும் அது தூண்டிவிடுகிறது. மது குடலின் உள்சுவரைக் கசிய வைப்பதால், குடலில் கிடக்க வேண்டிய பாக்டீரியா நஞ்சுகள் ரத்தத்தோடு நேரே கல்லீரலுக்கு வந்து அழற்சியைக் கூட்டுகின்றன. வைரஸை அடக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியும் இதே சமயத்தில் பலவீனப்படுகிறது. எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவது என்பார்களே, அது இங்கே அச்சாகப் பொருந்தும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதுவையும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களையும் மனிதருக்கு உறுதியாகப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற ஒரே பிரிவில் வைத்திருக்கிறது. மதுவை 1988-லும் வைரஸ்களை 1994-லும் அது அந்தப் பட்டியலில் சேர்த்தது.

அளவு என்று பேசுபவர்களுக்காக ஒரு கணக்கைப் பார்க்கலாம். டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தி, ரம், விஸ்கியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரில் சுத்த ஆல்கஹால் சுமார் 77 மில்லி. எடையில் 60 கிராமுக்குச் சற்று அதிகம். அதில் பாதியான கட்டிங் என்றால் 30 கிராம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் ஒரு பெரிய பாட்டில், அதாவது 650 மில்லி, ஏறக்குறைய 41 கிராம். சூடு தணிப்பதற்கென்று குடிக்கப்படும் அந்த பீரில் ஒரு கட்டிங்கைவிட அதிக ஆல்கஹால் இருக்கிறது. தண்ணீரோ சோடாவோ எவ்வளவு ஊற்றினாலும் டம்ளர்தான் நிறையும். உள்ளே போகும் கிராம் குறையாது.

இந்தக் கிராம் கணக்கு ஏன் முக்கியம் என்பதற்கு 1997-ல் லான்செட் இதழில் வந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்று விடை தருகிறது. தியெரி போய்னார் தலைமையிலான குழு, ஹெபடைடிஸ் சி தொற்றுள்ள 2,235 பேரின் கல்லீரல் திசுவைப் பரிசோதித்து, தழும்பு எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்று கணக்கிட்டது. வேகத்தைக் கூட்டிய காரணங்கள் மூன்று: தொற்று ஏற்பட்டபோது வயது 40-க்கு மேல் இருந்தது, ஆணாக இருந்தது, நாளொன்றுக்கு 50 கிராம் அல்லது அதற்கு மேல் ஆல்கஹால் குடித்தது. சிகிச்சை இல்லாவிட்டால் சிரோசிஸ் நிலையை எட்டச் சராசரியாக 30 ஆண்டு ஆகும் என்பது அவர்களது மதிப்பீடு. 40 வயதுக்குள் தொற்றிய, குடிப்பழக்கம் இல்லாத பெண்களுக்கு அது 42 ஆண்டு. 40 வயதுக்கு மேல் தொற்றிய ஆண்களுக்கோ வெறும் 13 ஆண்டு. வயதையும் பாலினத்தையும் யாராலும் மாற்ற முடியாது. அந்த மூன்றில் மனிதன் கையில் இருப்பது குடி ஒன்றுதான். தினமும் ஒரு குவார்ட்டர் அடிப்பவர் அந்த 50 கிராம் கோட்டைத் தினமும் தாண்டுகிறார். இங்கே ‘அளவாகக் குடிப்பவர்’ என்று வீட்டாரே நற்சான்று கொடுப்பதும் பல நேரங்களில் அவருக்குத்தான்.

அப்படியானால் 50 கிராமுக்குக் கீழே பத்திரம் என்று யாரும் கோடு கிழித்துவிடக் கூடாது. அது அந்த ஆய்வு பிரித்துப் பார்த்த எல்லை மட்டுமே. மதுவில் ஆரோக்கியத்துக்குப் பாதிப்பில்லாத அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் பொதுமக்கள் அனைவருக்குமாகச் சொன்னது. முழு ஆரோக்கியமான உடலுக்கே அந்த நிலை என்றால், ஏற்கெனவே வைரஸோடு போராடிக்கொண்டிருக்கும் கல்லீரலுக்குச் சலுகை கேட்பதில் நியாயமில்லை.

ஒரு தேசமே இதற்குக் கொடுத்த விலையை மங்கோலியாவில் பார்க்கலாம். உலகிலேயே கல்லீரல் புற்றுநோய் விகிதம் மிக அதிகமாக உள்ள நாடு அது. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் அங்கே பரவலாக இருக்கின்றன. பி வகையின் முதுகில் ஏறிவரும் டி வகையும் வேறெங்கும் காணாத அளவுக்கு இருக்கிறது. அதோடு ஓட்காவும் சேர்ந்துகொண்டது. 2017-ல் அந்த நாட்டு அரசு மக்களைப் பெருமளவில் பரிசோதித்துச் சிகிச்சை தரும் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. முப்பது லட்சத்துச் சொச்சம் மக்கள்தொகை கொண்ட நாடு அது. தமிழ்நாட்டின் ஒரு பெரிய மாவட்டத்துக்குள் அடங்கிவிடும்.

குடிக்காவிட்டால் வைரஸ் ஒன்றும் செய்யாது என்றும் நினைத்துவிடக் கூடாது. அமிதாப் பச்சனின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1982-ல் ‘கூலி’ படப்பிடிப்பில் அடிபட்டபோது அவருக்கு ஏராளமான கொடையாளர்களின் ரத்தம் ஏற்றப்பட்டது. அதில் ஒருவரது ரத்தத்தின் வழியாக ஹெபடைடிஸ் பி உள்ளே வந்தது. அது இருப்பதே சுமார் இருபது ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் கல்லீரலில் 75 சதவீதம் போய்விட்டதாகவும், மீதி 25 சதவீதத்தோடு வாழ்வதாகவும் அவரே பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2017-ல் தென்கிழக்கு ஆசியப் பகுதிக்கான ஹெபடைடிஸ் நல்லெண்ணத் தூதராக உலக சுகாதார நிறுவனம் அவரை நியமித்தது. ஓசையில்லாமல் இருபது வருடம் கிடந்த வைரஸ் தனியாகவே இவ்வளவு செய்யும் என்றால், கூட ஒரு துணை கிடைத்தால் என்ன செய்யும் என்பதை யூகிக்கக் கஷ்டமில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கீழாநெல்லியில் வந்து நிற்கும். அதை ஏளனமாகத் தள்ளிவிட முடியாது. அதற்கு உலக அறிவியலில் ஒரு கௌரவமான அத்தியாயமே உண்டு. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பாருக் புளூம்பெர்க் கீழாநெல்லியை ஆராய்ந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் அவரும் மற்றவர்களும் சேர்ந்து எழுதிய ஆய்வு 1988-ல் லான்செட்டில் வந்தது. கீழாநெல்லிப் பொடியை 30 நாள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்த முடிவு. சென்னைக்குப் பெருமை.

ஆனால் அறிவியலில் ஒரு முடிவு நிற்க வேண்டுமானால் மற்றவர்கள் செய்தாலும் அது வர வேண்டும். தாய்லாந்திலும் பிற இடங்களிலும் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யைக் கீழாநெல்லி குணப்படுத்தும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதுதான் இன்றைய நிலை. அப்படியிருக்க அதன் புகழ் மட்டும் எப்படி நிலைத்தது? அசுத்தத் தண்ணீர், உணவு வழியாக வரும் ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். பத்தியம் இருந்து கீழாநெல்லி அரைத்து மோரில் குடித்தாலும் சரியாகும், குடிக்காவிட்டாலும் சரியாகும். பெயர் மூலிகைக்குப் போய்ச் சேர்கிறது. பி வகைக்காரரும் அதே கஷாயத்தைக் குடிக்கிறார். கண் மஞ்சள் தெளிகிறது, பசி எடுக்கிறது, “சரியாப் போச்சு” என்கிறார். பத்தியம் முடிந்ததும் முதலில் போகிற இடம் பழைய பார். வைரஸோ அங்கேயே இருக்கிறது.

இதே ஏமாற்றத்தை ஆங்கில மருத்துவத்தின் காகிதமும் தருகிறது. ‘எல்.எஃப்.டி. நார்மல்தான் சார்’ என்று கல்லீரல் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் காட்டி நிம்மதியடைபவர்கள் ஏராளம். ரத்தத்தில் கல்லீரல் நொதிகளின் அளவு சரியாக இருப்பதால் கல்லீரல் சரியாக இருக்கிறது என்று ஆகாது. தழும்பு முற்றிய சிரோசிஸ் நோயாளிக்குக்கூட அந்த எண்கள் சாதாரணமாக இருக்கலாம். வைரஸின் எண்ணிக்கையைச் சொல்லும் டி.என்.ஏ. பரிசோதனை, கல்லீரலின் விறைப்பைச் சொல்லும் ஃபைப்ரோஸ்கேன், வயிற்று ஸ்கேன் எல்லாம் சேர்ந்தால்தான் படம் முழுதாகும். ஹெபடைடிஸ் பி-யில் இன்னொரு ஆபத்தும் உண்டு: சிரோசிஸ் வராமலேயே நேரடியாகப் புற்றுநோய் வரக்கூடும்.

மாத்திரை தேவைப்படாத நிலையில் இருப்பவர்களிடம் மருத்துவர், “இப்போதைக்கு ஒண்ணும் வேண்டாம், ஆறு மாசத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்க” என்பார். அது கண்காணிப்பில் இருங்கள் என்று பொருள்படும் பேச்சு. கேட்பவர் காதில் ‘ஒண்ணும் வேண்டாம்’ மட்டும் விழுகிறது. அந்த ஒரு நிமிடத்தில் மதுவைப் பற்றிய ஒரு வாக்கியமும் விழ வேண்டும். கூட்டம் அலைமோதும் புறநோயாளிப் பிரிவில் அதற்கு நேரமில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அந்த வாக்கியத்துக்கு ஈடான மருந்து வேறில்லை.

மாத்திரை சாப்பிடுபவர்களிடம் வேறொரு பழக்கம் இருக்கிறது. குடிக்கிற அன்று மாத்திரையை விட்டுவிடுவது. ‘சரக்கும் மாத்திரையும் சேரக் கூடாது’ என்று எங்கோ கேட்டதைப் பத்திரமாகப் பின்பற்றுகிறார்கள். வாரத்தில் மூன்று நாள் குடித்தால் மூன்று நாள் மாத்திரை இல்லை. ஹெபடைடிஸ் பி-க்குத் தரும் டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மருந்துகள் வைரஸை அடக்கி வைப்பவை. அடியோடு அழிப்பவை அல்ல. விட்டு விட்டுச் சாப்பிட்டால் அடங்கிய வைரஸ் திடீரென்று சீறி எழுந்து கல்லீரலைச் செயலிழக்க வைத்துவிடலாம். அந்தச் சமயத்தில் உடம்பில் மதுவும் இருந்தால் ஆளைப் பிழைக்க வைப்பது கடினம். குடித்துவிட்டாலும் அன்றைய மாத்திரையை விடக் கூடாது என்பதை ஒவ்வொரு நோயாளிக்கும் சொல்ல வேண்டும். அது குடிக்க அனுமதி ஆகிவிடுமோ என்று தயங்கத் தேவையில்லை. மறுநாள் தலைவலிக்கு பாரசிட்டமால் விழுங்குவதும் இதேபோல எச்சரிக்கை தேவைப்படும் விஷயம். தொடர்ந்து குடிப்பவரின் கல்லீரலுக்கு, மற்றவர்களுக்குச் சாதாரணமான அளவே நஞ்சாகிவிடக்கூடும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் விடமுடியவில்லை என்று கேட்பது எளிது. விடுவதற்கு ஊர் உதவுகிறதா என்று பார்க்க வேண்டும். கல்யாண வீட்டுக் கூட்டத்திலும் காரியம் முடிந்த வீட்டிலும் ‘வேண்டாம்’ என்று சொல்பவர் காரணம் சொல்லியாக வேண்டும். ஹெபடைடிஸ் என்று சொன்னால் ‘ஒட்டிக்கும்’ என்று டம்ளரைத் தள்ளி வைப்பார்கள். உண்மையில் ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ ஒரே டம்ளரில் குடிப்பதாலோ, தொட்டுப் பேசுவதாலோ ஹெபடைடிஸ் பி பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவம் ஆகிய வழிகளில்தான் பரவும். அந்த அவமானத்துக்குப் பயந்து, நோயைச் சொல்வதைவிடக் குடித்துவிடுவதே சுலபம் என்று முடிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டுப் பெண்கள் படும் பாடு வேறு. ‘குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்’ என்று சுவரிலும் பேருந்திலும் போன் நம்பரோடு ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களைப் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. மனைவியோ அம்மாவோ தாலிச் சங்கிலியை அடகு வைத்தாவது அந்தப் பொடியை வாங்கிக் குழம்பில் கலந்துவிடுகிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. குடியை விடுவிக்க மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் டைசல்ஃபிரம் மாத்திரைகூட நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, ரத்தப் பரிசோதனை செய்தபடி கொடுக்க வேண்டியது. அரிதாக அதுவே கல்லீரலைக் கடுமையாகத் தாக்கிவிடும். ஏற்கெனவே வைரஸ் உள்ளவருக்கு, பரிசோதனையும் இல்லாமல், பெயர் தெரியாத பொடியைச் சோற்றில் கலப்பது அன்பினால் செய்யப்படும் ஆபத்து. இந்த நோட்டீஸ்களை ஒட்டுபவர்கள்மேல் அரசு ஏன் இன்னும் கை வைக்கவில்லை என்பது நியாயமான கேள்வி.

நல்ல வழிகள் இல்லாமல் இல்லை. பேக்லோஃபென் என்ற மருந்தை சிரோசிஸ் உள்ள குடிநோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்த இத்தாலிய ஆய்வு 2007-ல் லான்செட்டில் வெளியானது. 84 பேர் கொண்ட அந்த ஆய்வில் மருந்து சாப்பிட்டவர்களில் 71 சதவீதத்தினர் குடியை நிறுத்தினார்கள்; வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 29 சதவீதத்தினர். கல்லீரல் கெட்டவருக்கும் பொருந்துகிற மருந்து இருக்கிறது என்பதே பெரிய ஆறுதல். மருத்துவர் மேற்பார்வை அதற்கும் வேண்டும். பல வருடம் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் தானாக நிறுத்துவதும் ஆபத்து. கை நடுக்கத்தில் தொடங்கி வலிப்பு, பிதற்றல் வரை போய் உயிருக்கே உலை வைக்கலாம். ஆஸ்பத்திரியில் சேர்ந்து சில நாள் இருந்து விடுபடுவதுதான் பத்திரம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனம் போல, குடியை நோயாகப் பார்த்து வைத்தியம் செய்யும் அனுபவம் இந்த மண்ணில் நாற்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறது.

குறை எங்கே இருக்கிறது என்றால், இந்த அனுபவமும் ஹெபடைடிஸ் சிகிச்சையும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. 2018 ஜூலை 28-ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஹெபடைடிஸ் சி-க்கான மாத்திரை முதன்முதலில் அமெரிக்காவில் வந்தபோது ஒரு மாத்திரை ஆயிரம் டாலர்; இன்று அந்தப் பன்னிரண்டு வாரச் சிகிச்சை இங்கே காசில்லாமல் கிடைக்கிறது, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குணமும் ஆகிறது. பெருமைப்பட வேண்டிய திட்டம்தான். ஆனால் மருந்து ஒரு ஜன்னலில், குடிநோய்க்கான ஆலோசனை வேறொரு கட்டடத்தில் மனநலப் பிரிவில். கல்லீரல் மருத்துவர் சீட்டு எழுதி அங்கே அனுப்பினாலும் போகிறவர் குறைவு. மனநலப் பிரிவு என்ற பலகையைப் பார்த்தே திரும்பிவிடுவார்கள். ஹெபடைடிஸ் மருந்து கொடுக்கும் அதே இடத்தில், அதே நாளில், ஒரு ஆலோசகர் உட்கார வேண்டும். குடிநோய் மையத்தில் சேரும் ஒவ்வொருவருக்கும் பி, சி இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை; ஓர் ஆணை போதும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘முதலில் குடியை விடு, அப்புறம் மருந்து’ என்று நோயாளியைத் திருப்பி அனுப்புவது தவறு. பழைய இன்டர்ஃபெரான் ஊசிக் காலத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. இப்போதைய ஹெபடைடிஸ் சி மாத்திரைகள் குடிப்பவர்களுக்கும் நன்றாகவே வேலை செய்கின்றன. அவர் விடும்வரை காத்திருந்தால் தழும்பு காத்திருக்காது. அதே சமயம், சி வைரஸ் ஒழிந்துவிட்டது என்ற ரிப்போர்ட்டைக் கொண்டாடப் பாட்டிலைத் திறப்பவருக்கு ஒரு எச்சரிக்கை வேண்டும். வைரஸ் போனாலும் சிரோசிஸ் இருந்தால் புற்றுநோய் ஆபத்து போவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தொடர வேண்டும், குடி அறவே கூடாது.

அரசின் பொறுப்பு இன்னும் ஒரு படி மேலே. 2003 முதல் தமிழ்நாட்டில் மதுவைச் சில்லறையில் விற்பது அரசு நிறுவனமான டாஸ்மாக்தான். 2023-24-ல் அதன் வழியாக வந்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் அதிகம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது ஊடகங்கள் அனைத்தும் அங்கே இருந்தன, இருந்திருக்க வேண்டியதும்தான். அரசு முத்திரையோடு விற்கும் பாட்டிலால் கல்லீரல் வார்டுகளில் மெதுவாக நடக்கிற சாவுகளுக்குக் கேமரா போவதில்லை. பாட்டிலின் மேல் மது வீட்டுக்கும் நாட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று எழுதியிருப்பது எல்லோருக்கும் மனப்பாடம்; மனப்பாடம் ஆனதாலேயே யார் கண்ணிலும் படுவதில்லை. தென்கொரியாவில் பாட்டிலின் எச்சரிக்கை கல்லீரல் புற்றுநோயைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அயர்லாந்து 2023-ல் கல்லீரல் நோயையும் புற்றுநோயையும் குறிப்பிடும் எச்சரிக்கையைச் சட்டமாக்கியது. வியாபார நெருக்கடியில் நடைமுறைக்கு வருவதை 2028-க்குத் தள்ளிவிட்டார்கள். தமிழ்நாட்டில் கடையே அரசின் கடை. ‘மஞ்சள் காமாலைக் கிருமி உள்ளவர்கள் குடித்தால் கல்லீரல் புற்றுநோய் விரைவில் வரும், அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை இலவசம்’ என்று அந்தக் கடை வாசலில் ஒரு பலகை வைக்க எந்தக் கம்பெனியின் அனுமதியும் வேண்டாம்.

கடைசியாக, மருத்துவர்கள் நோயாளியிடம் போதிய அளவு சொல்லாத நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு டெனோஃபோவிர் ஐந்தாண்டு கொடுத்து, தொடக்கத்திலும் முடிவிலும் திசு எடுத்துப் பார்த்த ஆய்வு 2013-ல் வெளியானது. சிகிச்சை தொடங்கும்போது 96 பேருக்கு சிரோசிஸ் இருந்தது. ஐந்தாண்டு முடிவில் அவர்களில் 71 பேருக்கு அது இல்லை. இறுகிய தழும்பு இளகியிருந்தது. உடல் எடை கட்டுக்குள் இருந்தவர்களிடம் இந்த மீட்சி நன்றாகவே தெரிந்தது. ‘ஈரல் போயிடுச்சு, இனிமே என்ன, இருக்கிற வரைக்கும் குடிச்சிட்டுப் போறேன்’ என்று சொல்லும் நாற்பது வயதுக்காரருக்கு இந்த எண்களைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். கூடவே 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணையும் 14446 என்ற போதை மீட்பு எண்ணையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் அதே வாரத்தில் வரச்சொல்லி ரத்தம் எடுத்துப் பார்த்து, தொற்று இல்லாதவர்களுக்கு மூன்று தவணைத் தடுப்பூசியின் முதல் ஊசியை அன்றைக்கே போட்டு அனுப்ப வேண்டும்.